தாழ்ந்த வில்லும் தாங்கும் சுமையும்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் சரக்கு வண்டியை நம்பிப் பிழைப்பவை பல. தாராவியில் அதிகாலையில் இட்லி அவித்து ஊரெங்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வாஷி மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவந்து மாதுங்காவிலும் செம்பூரிலும் கடைகளுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு சிறிய பிக்கப் வண்டியே வயலும் வரப்பும் ஆகும். அவ்வண்டியை ஓட்டும் பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்கு வரும்பொழுது, வண்டியைப் பற்றிய எண்ணமும் மாறிவிடுகிறது. தந்தைக்கு அது சுமைதாங்கி, மகனுக்கோ குதிரை. குதிரை என்றால் அழகு வேண்டும், விரைவு வேண்டும், வளைவில் சாயாத உறுதியும் வேண்டும். "வண்டியைத் தாழ்த்த வேண்டும், அதற்கேற்ற ஸ்பிரிங் போட வேண்டும்" என்று இளைஞர்கள் கேட்பதன் காரணம் இதுவே.

சுனாபட்டியில் எங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. சில வாரம் எங்களுக்குள் பேசியும், பட்டறைகளில் விசாரித்தும், கணக்குப் போட்டும் நாங்கள் அறிந்துகொண்டவை பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

எங்கள் வண்டி முன்புறம் இரண்டு வரிசை இருக்கையும் பின்புறம் திறந்த தட்டும் உடையது. ஆறு நாள் காய்கறி மூட்டைகளைச் சுமக்கும். ஏழாம் நாள் வீட்டுப் பெண்டிரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலுக்குச் செல்லும். அதன் மாதத் தவணை இன்னும் முடியவில்லை. அதை ஓட்டுகிறவன் எங்கள் மூத்தவரின் மகன். ஓர் இரவு உணவின்போது அவன், "சித்தப்பா, வண்டி ரொம்ப உயரமா நிக்குது. மேம்பாலத்து வளைவில ஆடுது. கொஞ்சம் தாழ்த்தினா ரோட்டோட ஒட்டி ஓடும்" என்றான். அவன் சொன்னதில் பாதி தோற்றத்தைப் பற்றியது. மறு பாதி ஓட்டத்தைப் பற்றியது. தோற்ற ஆசையை நகைத்து ஒதுக்கிவிடலாம். வண்டி ஆடுகிறது என்று ஓட்டுகிறவன் சொல்வதை ஒதுக்க இயலாது. ஆகவே அவன் கேள்வியை முழுமையாக ஆராய்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் வில் என்பது யாது என்று காண்போம். ஏற்றிய சுமைக்கு ஏற்ப அது அமிழும். சுமை இரட்டித்தால் அமிழ்வும் இரட்டிக்கும். ஆங்கில நாட்டு அறிஞர் இராபர்ட்டு ஊக்கு 1678 இல் நூலாக வெளியிட்ட விதி இது. பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன் சக்கரங்களுக்குச் சுருள்வில்லும், பின் சக்கரங்களுக்கு எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டிய பட்டாவும் இருக்கும். 2016 முதல் ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் உருவாகும் இசூசு வி-கிராஸ் வண்டியும், 2022 இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்சும் இவ்வமைப்பே உடையவை. முன்புறத்தின் சுமை எஞ்சினும் ஓட்டுநரும் ஆதலால் அது பெரிதும் மாறுவதில்லை. பின்புறத்தின் சுமையோ காலையில் ஒரு டன், மாலையில் வெறும் தட்டு. இந்த வேறுபாட்டைத் தாங்குவதற்காகவே பட்டாவைத் தடிப்பாகவும் பல அடுக்காகவும் செய்கிறார்கள். காலி வண்டி குதிப்பதன் காரணமும் இதுதான்.

விரைவையும் சுமையையும் ஒரே வண்டியில் தேடும் ஆசை நம் பிள்ளைகளோடு தொடங்கியதன்று. ஆஸ்திரேலியாவில் ஓர் உழவர் மனைவி, ஞாயிறன்று கோவிலுக்கு நனையாமல் செல்லவும், திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதியதாகக் கூறுவர். அங்கே லூயிஸ் பாண்ட் என்பவர் வரைந்த வண்டி 1934 இல் வெளிவந்தது. எங்கள் வண்டியின் ஏழு நாள் வாழ்வும் அதுவே அன்றோ! பின்னர் அமெரிக்காவில் இன்னும் விரைவான வண்டிகள் பிறந்தன. 1991 இல் ஜி.எம்.சி. நிறுவனம் 'சைக்ளோன்' என்ற பிக்கப் வண்டியை வெளியிட்டது. 280 குதிரைத்திறன் உடையது, தாழ்ந்து நின்றது, புகழ்பெற்ற பந்தயக் கார்களோடு போட்டியிட்டது. ஆனால் அதில் ஏற்றத்தக்க சுமை 500 பவுண்டு என்று செய்தவர்களே வரம்பிட்டார்கள். நம் கணக்கில் அது 227 கிலோ. நான்கைந்து மூட்டை வெங்காயம். நம் நாட்டில் 2005 இல் வந்த டாட்டா ஏஸ் என்ற குட்டி யானையோ 16 குதிரைத்திறனே உடையது. முக்கால் டன் சுமந்தது. விரைவைத் தேர்ந்த வண்டி சுமையைக் கைவிட்டது. சுமையைத் தேர்ந்த வண்டி விரைவைக் கைவிட்டது. பெரும் நிறுவனத்துப் பொறியாளர்களாலேயே இரண்டையும் ஒருங்கே பெற முடியவில்லை எனின், குர்லாச் சாலைக் கடையில் வாங்கும் ஒரு வில் எப்படித் தந்துவிடும்?

இதை எங்களுக்கு ஒரே வினாவில் உணர்த்தியவர், பட்டா வேலையிலேயே முடி நரைத்த ஒரு மேஸ்திரி. எங்கள் பிள்ளை அவரிடம், "அண்ணாச்சி, ரெண்டு அங்குலம் தாழ்த்தணும், நல்ல ஸ்பிரிங் எது?" என்று கேட்டான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, காலி வண்டிக்கு ஸ்பிரிங் தேடுறியா, ஏத்தின வண்டிக்குத் தேடுறியா?" என்று திருப்பிக் கேட்டார். இவ்வினாவுக்கு விடை சொன்ன பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும்.

பின்புறத்தையே முதலில் கணக்கிடுவோம். எடுத்துக்காட்டாக, ஒரு பட்டா 80 கிலோவுக்கு 1 சென்டிமீட்டர் அமிழும் என்று கொள்வோம். பின் அச்சின் மேல் 800 கிலோ ஏற்றினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 400 கிலோ. அமிழ்வு 5 சென்டிமீட்டர். காலி வண்டியில் அச்சுக்கும் அதன் மேலுள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையே 11 சென்டிமீட்டர் இடம் இருந்ததாயின், சுமையேற்றிய பின் 6 சென்டிமீட்டர் எஞ்சும். சாலைக் குழிகளை விழுங்குவதற்கு உள்ள இடம் இதுவே. வண்டியை 5 சென்டிமீட்டர் தாழ்த்திவிட்டால் எஞ்சுவது 1 சென்டிமீட்டர். அதன் பின் ஒவ்வொரு குழியிலும் அச்சு சென்று சட்டத்தில் மோதும். வில் இருந்தும் இல்லாததற்குச் சமம். மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். சுமையை மிகுத்தாலும் தாங்கும் இடத்தைக் குறைத்தாலும் அச்சுக்கு வரும் துன்பம் ஒன்றே.

"அப்படியானால் கடினமான வில்லைப் போட்டால் போகிறது" என்று சிலர் சொல்வர். இதற்கும் கணக்கு உண்டு. ஒரு வில் விழுங்கக்கூடிய அடியின் அளவு, அது அமிழக்கூடிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால், அதே அடியை விழுங்க வில்லின் கடினம் நான்கு மடங்காக வேண்டும். நான்கு மடங்கு கடினமான வில்லில் உட்கார்ந்து எவரும் பத்து மைல் போக முடியாது. எனவே கடையில் விற்கும் தாழ்த்தும் வில்கள் இயல்பானவற்றைவிடச் சிறிதளவே கடினமாக இருக்கும். மிஞ்சிய அடியை ரப்பர் தடுப்பும், சட்டமும், ஓட்டுகிறவன் முதுகெலும்பும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆயினும் தாழ்த்துவதில் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. எடையின் மையம் தாழ்ந்தால் வளைவில் ஒரு பக்கச் சக்கரங்களின்மேல் சாயும் பாரம் குறையும். ஆனால் எவ்வளவு? மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 3 சென்டிமீட்டர் தாழ்த்துவதால் குறைவது ஏறத்தாழ 4 விழுக்காடு. சமமான பந்தயத் தடத்தில் நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி காண்பவர்களுக்கு இது பெரிது. சென்னைக்கு அருகே 1990 இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் வண்டிகள் தரையை ஒட்டி நிற்பது அதனால்தான். கீரைக் கட்டு ஏற்றிச் செல்வோர்க்கு அந்த 4 விழுக்காடு எதற்கு என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

சுமை ஏற்றாத சொந்த வண்டி வைத்திருப்போரும், தாழ்த்துவதற்குச் சட்டம் இடம் தரும் அயல்நாடுகளில் வாழும் நம் உறவினரும் வில்லைத் தேர வேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறோம். முன்புறச் சுருள்வில்லை அந்த வண்டியின் முன் அச்சு எடைக்கென்றே செய்ததாகப் பார்த்து, இடமும் வலமும் சோடியாக வாங்க வேண்டும். சக்கரம் முழுதும் கீழே தொங்கும் நிலையிலும் வில் தன் இருப்பிடத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். தளர்ந்து நகர்ந்தால் ஆபத்து. ஷாக் அப்சார்பரும் அவ்வில்லுக்கு இணையானதாக இருத்தல் வேண்டும். வில்லின் வேலை தாங்குவது, ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது. கடினமான வில்லைப் பழைய ஷாக் அப்சார்பர் அடக்காது. பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். தாழ்ந்த வண்டியின் முன் சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாய்வதால் டயர்கள் உள்விளிம்பில் தேய்ந்துபோகும். எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டி ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது: வில் அசைவதற்கென்று முதலில் இருந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாகாது.

செய்யத் தகாதவையும் உள. செலவைச் சுருக்க எண்ணிச் சிலர் இருக்கும் சுருளையே அறுத்துக் குட்டையாக்குகிறார்கள். அறுத்த முனை இருப்பிடத்தில் சரியாக அமராது. சிலர் சுருளை நெருப்பில் காட்டி அமிழ்த்துகிறார்கள். எஃகு தன் பதத்தை இழந்தபின் அது நாளுக்கு நாள் அமிழ்ந்துகொண்டே போகும். ஒரு நாள் முறியும். பட்டாவில் ஓரிரு தகடுகளைக் கழற்றிவிடுவதும் இத்தகையதே. கழற்றிய தகடு சுமந்த பாரத்தை எஞ்சிய தகடுகள் சுமக்க நேரும். பின் அச்சைத் தன் இடத்தில் பிடித்து நிறுத்துவதும் பட்டாவே ஆதலால், மெயின் பட்டா முறிந்தால் சக்கரமே இடம் பெயரும்.

பின்புறத்துக்குக் கட்டை வைத்தல் என்றும் ஒரு முறை உண்டு. பட்டா அச்சின் கீழே இருக்கும் வண்டிகளில் இடையே கட்டை வைத்தால் வண்டி தாழும். பட்டா அச்சின் மேலே இருக்கும் வண்டிகளிலோ அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். அங்கே தாழ்த்த வேண்டுமானால் அச்சைப் பட்டாவின் மேலே மாற்றிக் கட்ட வேண்டும். அப்பொழுது அச்சுக் குழாயின் பருமனும் பட்டாக் கட்டின் பருமனும் சேர்ந்த அளவு தாழ்ந்துவிடுவதால், அச்சு மோதாதிருக்கச் சட்டத்தையே வெட்டிக் குழிக்கும் நிலை வரும். வண்டியின் எலும்பை வெட்டுவதற்கு ஒப்பான செயல் இது.

எங்களை மிகவும் திடுக்கிட வைத்தது பிரேக்கைப் பற்றிய செய்தி. பல பிக்கப் வண்டிகளின் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பி பொருத்தியிருக்கும். அதன் மறுமுனை ஒரு வால்வில் சேரும். சுமை ஏறிச் சட்டம் தாழ்ந்தால் அக்கம்பி நகர்ந்து, பின் சக்கரங்களுக்கு மிகுந்த பிரேக் அழுத்தத்தை அனுப்பும். காலி வண்டியில் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அக்கம்பியைத் திருத்தி அமைக்காமல் பின்புறத்தைத் தாழ்த்தினால், காலி வண்டியையும் சுமையேற்றிய வண்டி என்றே அந்த வால்வு கருதும். மழை நாளில் திடீரென்று பிரேக்கை மிதித்தால் பின் சக்கரங்கள் சுழற்சி நின்று வழுக்கும். வண்டி வால் திரும்பிவிடும். கோவிலுக்குச் செல்லும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வண்டியின் பின்தட்டு காலியாகவே இருக்கும் என்பதையும், இருக்கையில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் நினைத்தபொழுது, அன்றிரவு வீட்டில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

இனி நம் சாலைகளைப் பார்ப்போம். சுண்ணாம்புக் காளவாய்களால் பெயர் பெற்ற எங்கள் சுனாபட்டியிலிருந்து பாந்திரா–குர்லா வளாகத்துக்கு 2019 நவம்பரில் ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. அதன்மேல் ஓட்டுகிறவனுக்கு உலகமே சமதளமாகத் தோன்றும். வண்டியைத் தாழ்த்தும் ஆசை பிறப்பது அங்கேதான். பாலத்தை விட்டு இறங்கியதும் கதை வேறு. வேகத்தடை ஒன்றை முறைப்படி அமைத்தாலே, இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நம் சந்துகளில் அளவின்றி எழுப்பிய மேடுகள் எத்தனை! மழைக்காலத்தை நினைவூட்டவே வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நம் வீடுகளில் மறந்தவர் இல்லை. தேங்கிய நீரில் எஞ்சின் மூச்சுவிடும் குழாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒவ்வொரு விரற்கடையும் மதிப்புள்ளது. வண்டியைத் தாழ்த்துகிறவன் அந்த விரற்கடைகளைத் தானே முன்வந்து விட்டுக்கொடுக்கிறான்.

சட்டமும் தெளிவாக உள்ளது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், செய்தவர் வகுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தகுதிச் சான்று பெறும் நாளிலும், விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை கேட்கும் நாளிலும் இக்கேள்வி எழும். கடனில் ஓடும் வண்டிக்கு இவ்விரண்டு நாள்களும் சோதனை நாள்கள்.

இவ்வளவும் அறிந்தபின் எங்கள் பிள்ளைக்கு என்ன விடை சொன்னோம்? "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. வண்டி ஆடுகிறது என்று அவன் சொன்னது உண்மை. அதற்குக் காரணம் கண்டாக வேண்டும். மேஸ்திரி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்து மேலுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். முன்புறம் இடப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. மூலையை அழுத்தி விட்டபோது வண்டி ஒருமுறை எழுந்து நிற்காமல் மூன்றுமுறை ஆடியது. சுருள்வில் தளர்ந்ததும் ஷாக் அப்சார்பர் உயிரிழந்ததும் வெளிப்பட்டன. செய்தவர் வகுத்த அதே அளவுள்ள முன் வில்களைச் சோடியாக மாற்றினோம். நான்கு ஷாக் அப்சார்பர்களையும், பட்டாவின் தேய்ந்த புஷ்களையும் புதிதாகப் போட்டோம். யூ போல்ட்டுகளை முறுக்கி, அலைன்மெண்ட் பார்த்து, காலி வண்டிக்கும் சுமையேற்றிய வண்டிக்கும் உரிய காற்றழுத்தத்தைத் தனித்தனியே எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினோம்.

வண்டி ஒரு விரற்கடையும் தாழவில்லை. ஆனால் மேம்பாலத்து வளைவில் ஆட்டம் நின்றது. பிள்ளை முதல்நாள் ஓட்டிவிட்டு வந்து, "பரவாயில்லை சித்தப்பா, இப்ப சொன்னபடி கேக்குது" என்றான். தோற்றத்தைப் பற்றிய அவன் ஆசை நிறைவேறவில்லை என்பதை நாங்கள் மறைக்கவில்லை, அவனும் மறைக்கவில்லை. தவணை முடிந்தபின், சுமைக்கென்று இல்லாத வண்டி ஒன்றைத் தன் பொருளில் வாங்கி, பந்தயத் தடத்தில் அதைத் தாழ்த்தி ஓட்டிப் பார்ப்பேன் என்கிறான். அந்நாளில் வில்லின் கணக்கை அவனே போடுவான். எங்கள் உதவி தேவைப்படாது.

பிள்ளைகள் இத்தகைய ஆசையோடு வரும் வீடுகளில் பெரியவர்கள் சினங்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்களோடு பட்டறைக்குச் செல்லுங்கள். வண்டி எவ்வளவு சுமக்கிறது, எந்தச் சாலையில் ஓடுகிறது, அதில் யார் அமர்கிறார்கள் என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளை மேஸ்திரியிடம் கொடுத்த பிறகு வில்லின் விலையைக் கேளுங்கள்.